மரண அறிவித்தலின் கடைசி வரி: எந்த வீட்டுக்கு எந்தச் சொல்?

கேள்வி: அச்சகத்துத் தங்கச்சி, ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் ஒரு சின்ன அச்சகத்தில் தமிழ் எழுத்து வேலை பார்க்கிறேன். கல்யாண அழைப்பிதழ், தோட்டத்துக் கோவில் திருவிழா நோட்டீஸ், டியூஷன் வகுப்பு விளம்பரம் என்று எல்லாம் வரும். ஆனால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் செய்வது மரண அறிவித்தல்தான். சாயங்காலம் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து, ஃபோனில் இருக்கிற படத்தைக் காட்டி, அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிட்டுக் காத்து நிற்பான். விடிவதற்குள் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை வரைக்கும் கொண்டுபோய் ஒட்டியாக வேண்டும்.

பெயர், வயது, பிள்ளைகள், மருமக்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதெல்லாம் வீட்டுக்காரரே சொல்லிவிடுவார்கள். கடைசி வரியை மட்டும் யாரும் சொல்வதில்லை. "அத நீங்களே நல்லதா போடுங்க அக்கா" என்பார்கள். எங்கள் கணினியில் எந்தப் பழைய கோப்பைத் திறந்தாலும் "அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்" என்ற வரி தயாராக இருக்கும். இந்துவோ, வேதக்காரரோ (கிறிஸ்தவரோ), யாராக இருந்தாலும் அதையே விட்டுவிடுகிற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ஒருவரைப் பற்றி ஊர் கடைசியாக வாசிக்கப்போகிற வரி அது.

இப்போது கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் டிக்கோயாப் பக்கம் ஒரு வீடு. இறந்தவர் சிங்களவர், பௌத்தர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி தமிழ், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அறிவித்தல் இரண்டு மொழியிலும் வேண்டும் என்றார்கள். சிங்களப் பக்கத்தில் 'நிவன் சுவ லபேவா' (நிவன் சுகம் கிட்டட்டும்) என்று மகன் எழுதிக் கொடுத்துவிட்டார். தமிழ்ப் பக்கத்துக்கு அவருக்கும் சொல் கிடைக்கவில்லை. ஆத்மா சாந்தி என்று போடலாமா என்று கேட்டதற்கு, "அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்" என்றார். அன்றைக்கு நேரமில்லை. குடும்பத்தோடு பேசி, தமிழில் கடைசி வரி இல்லாமலேயே அடித்தோம். இனி ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற தானத்துக்கு ஒரு அட்டை வேண்டும் என்கிறார்கள். அதில் தமிழ் வரி கட்டாயம் வேண்டும்.

அகராதியில் இருக்கிற பொருளைத் தேடி நான் இங்கே வரவில்லை. அந்தந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது மனதில் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். பௌத்தம் மட்டுமில்லை. முஸ்லிம் வீட்டில் 'மர்ஹூம்' என்கிறார்களே, அது என்ன? ஒரு வேதக்கார வீட்டில் 'நித்திரையடைந்தார்' என்கிறார்கள், இன்னொரு வீட்டில் 'இளைப்பாற்றி' என்கிறார்கள், இரண்டும் ஒன்றா? நம்முடைய 'சிவபதம்' என்பதற்கும் 'ஆத்மா சாந்தி' என்பதற்கும் என்ன உறவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வெலிமடை மருமகள்

தங்கச்சி, நான் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள், சிங்கள வீட்டுக்கு மருமகளாக வந்தவள். என் மாமியார் இறந்தபோது எல்லாச் சடங்கிலும் பக்கத்தில் இருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

அந்த மகன் சொன்னது சரி. புத்தர் போதித்ததில் 'அனாத்மம்' அடிப்படையான ஒன்று. மாறாமல் நிலைத்து நிற்கிற ஆத்மா என்று ஒன்று இல்லை என்பது அதன் பொருள். மறுபிறப்பு உண்டு, வினை தொடரும், ஆனால் ஆத்மா ஒன்று உடம்பை விட்டு உடம்பு போகிறது என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே விஷயம் தெரிந்த ஒரு பௌத்தருக்கு 'ஆத்மா சாந்தி' என்று போட்டால் அவருடைய நம்பிக்கைக்கு நேர் எதிராகப் போட்டதாகிவிடும்.

மரண வீட்டுப் பதாகைகளில் 'அனிச்சா வத சங்காரா' என்று பார்த்திருப்பாய். அது பாளி. புத்தர் மறைந்த நேரத்தில் சக்கன், அதாவது தேவர்களின் அரசன், சொன்னதாக மகாபரிநிப்பான சூத்திரத்தில் வருகிறது. சேர்ந்து உருவான எதுவும் நிலையில்லை, தோன்றுவதும் மறைவதும் அவற்றின் இயல்பு, தோன்றித் தோன்றி அழிகின்றன, அவை அடங்குவதே சுகம் என்பது முழுப் பொருள். கடைசியில் வருகிற அந்தச் சுகம்தான் சிங்களத்தில் 'சுவ'. 'நிவன்' என்பது நிப்பானம். ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று நெருப்பும் அணைந்த நிலை. சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. தேவலோகத்தில் பிறந்தாலும் அதுவும் ஒரு நாள் முடியும் என்பதுதான் அவர்கள் நம்பிக்கை.

தமிழில் 'நிர்வாணம்' என்று மட்டும் அட்டையில் போட்டுவிடாதே. பொருள் சரிதான், ஆனால் தெருவில் வாசிக்கிறவர்களுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும், அந்தக் குடும்பத்துக்குச் சங்கடம். 'அன்னாருக்கு நிப்பான சுகம் கிட்டுவதாக' என்று போடு. எங்கள் மாமியார் அட்டையில் நான் அப்படித்தான் போடச் சொன்னேன். என் தோட்டத்துச் சொந்தக்காரர்கள் வாசித்துவிட்டுக் கேட்டார்கள், விளக்கினேன். கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லதுதானே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் அட்டை தானத்துக்கானது. பிரேதத்தை எடுக்கும் முன்பு ஹாமதுருமார், அதாவது பிக்குகள், வந்து, வெள்ளைத் துணியைப் பெற்றுக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாங்சுகூலம். குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியை எடுத்துத் தைத்து உடுத்திய பழைய காலத்துப் பிக்குகளின் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. பிறகு குடும்பத்தார் எல்லோரும் கீழே உட்கார்ந்து, ஒரு கெண்டியைப் பலரும் சேர்ந்து பிடித்து, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வார்ப்பார்கள். பாத்திரம் நிறைந்து வழியும் வரை வார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பிக்குகள் ஓதுவது, மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடிச் சேர்வது போல இங்கே கொடுப்பது இறந்தவர்களைச் சேரட்டும் என்ற பாடல். அது வருகிற சூத்திரத்துக்குப் பெயர் திரோகுட்ட சூத்திரம். திரோகுட்ட என்றால் சுவருக்கு வெளியே. செத்துப்போன உறவினர்கள் தங்கள் பழைய வீட்டுச் சுவருக்கு வெளியேயும், சந்திகளிலும், வாசற்கால் பக்கத்திலும் வந்து நிற்கிறார்கள் என்று அது தொடங்குகிறது. என் கையும் அந்தக் கெண்டியில் இருந்தது. நான் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தவள், ஆனாலும் அந்த நேரத்தில் என் மாமியாருக்கு நான் ஏதோ கொடுக்கிறேன் என்று முழு மனதோடு நம்பினேன்.

அதைத்தான் 'பின்' கொடுப்பது என்கிறார்கள். பின் என்றால் புண்ணியம். பிக்குகளுக்குச் சாப்பாடு கொடுத்துச் சம்பாதித்த புண்ணியத்தை இறந்தவர் அறிந்து மகிழ வேண்டும், அந்த மகிழ்ச்சிதான் அவருக்குப் பலன். 'அனுமோதனை' என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். கொடுத்தவருக்கும் குறைவதில்லை.

பதில்: கம்பளை நானா

தங்கச்சி கேட்ட கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

'மர்ஹூம்' அரபுச் சொல். இறைவனின் ரஹ்மத், அதாவது அருள், செய்யப்பட்டவர் என்று பொருள். பெண்ணுக்கு 'மர்ஹூமா'. ஒருவருக்கு அல்லாஹ் அருள் செய்துவிட்டான் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று சில ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்வார்கள். அருள் செய்யட்டும் என்ற துஆவாக, அதாவது பிரார்த்தனையாக, எடுத்துக்கொண்டால் குறையில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் பெரும்பாலும் போடுகிறார்கள். வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

'இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்' என்பது குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தில் 156ஆம் வசனத்தில் வருகிறது. நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள். இது மரணத்துக்கு மட்டும் உரியது இல்லை, எந்தத் துன்பம் வந்தாலும் பொறுமையாளர்கள் சொல்வது. இதில் இறந்தவரைப் பற்றி ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சொல்கிறவர் தன்னைப் பற்றியும் சேர்த்துச் சொல்கிறார். நானும் போகிறவன்தான் என்று.

அச்சகத்துக்கு ஒரு வேண்டுகோள். இறைவன் பெயர் உள்ள அரபு வசனத்தை ஒட்டுகிற நோட்டீஸில் அடிக்கப் பலர் விரும்ப மாட்டார்கள். மழையில் கிழிந்து காலடியில் கிடக்கும். படமும் பெரும்பாலான வீட்டில் வேண்டாம் என்பார்கள். உண்மையில் எங்களுக்கு அச்சடிக்க நேரமே இருக்காது. காலையில் வபாத்தானால் (இறந்தால்) அஸர் என்கிற பிற்பகல் தொழுகையோடு அடக்கம் முடிந்துவிடும், பள்ளி ஒலிபெருக்கியும் வாட்ஸ்அப்பும் போதும். 'ஜனாஸா நல்லடக்கம் இன்று அஸர் தொழுகைக்குப் பின் மையவாடியில்' என்ற ஒரு வரிதான் முக்கியம். ஜனாஸா என்றால் பிரேதம், மையவாடி என்றால் அடக்கம் செய்கிற இடம்.

அந்த 'நல்லடக்கம்' என்ற சொல்லைக் கொஞ்சம் மரியாதையோடு அடியுங்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று கட்டாயம் வந்தது. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி திரும்பக் கிடைத்தது. அதன் பிறகும் எந்த ஊரில் இறந்தாலும் கிழக்கே மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுது, மண்ணில் வைப்பது உயிரோடு இருக்கிறவர்கள் மீது கடமை. அந்த மாதங்களில் அந்தக் கடமையைச் செய்ய முடியாமல் தவித்த குடும்பங்கள் எங்கள் பகுதியிலும் இருந்தன.

கடைசி வரியாக என்ன போடலாம் என்றால், 'அன்னாரின் பாவங்களை மன்னித்து ஜன்னத்துல் பிர்தௌஸ் எனும் சுவர்க்கத்தை அல்லாஹ் வழங்குவானாக' என்பது எல்லோரும் ஏற்கிற துஆ. ஒரு மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் நின்றுவிடும், மூன்றைத் தவிர என்று நபிமொழி இருக்கிறது. நிலைத்து நிற்கும் தர்மம், பயன் தருகிற கல்வி, அவனுக்காகத் துஆ செய்கிற நல்ல பிள்ளை. ஆகவே நாற்பதாம் நாள் கத்தம் (இறந்தவர் பேரில் குர்ஆன்) ஓதுவது பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தாலும், பிள்ளை துஆ செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் வேறுபாடு இல்லை.

பதில்: உபதேசியார், பொகவந்தலாவை

நித்திரையும் இளைப்பாற்றியும் ஒன்றில்லை, தங்கச்சி. கொஞ்சம் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாங்கள் கத்தோலிக்கர். இறந்தவருக்காக ஜெபிப்போம், அவர் பேரில் திருப்பலி ஒப்புக்கொடுப்போம், நவம்பர் 2ஆம் திகதி கல்லறைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுவோம். ஆன்மா இறைவனை முகமுகமாகக் காணும் முன்பு தூய்மையடைய வேண்டியிருக்கலாம், அந்த நிலையில் நம்முடைய ஜெபம் உதவும் என்பது திருச்சபையின் போதனை. அதனால் 'அன்னாரின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய ஜெபிப்போம்' என்று போட்டால் சரி. எல்லோரும் முகநூலில் மூன்று எழுத்தில் ஆர்ஐபி என்று போடுகிறார்களே, அதுவும் இந்த ஜெபம்தான். அமைதியில் இளைப்பாறட்டும் என்ற லத்தீன் வார்த்தைகளின் முதலெழுத்துகள்.

மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே முதலான சபைகளில் இறந்தவருக்காக ஜெபிக்கிற வழக்கம் இல்லை. அவர் ஏற்கனவே கர்த்தருடைய கையில் இருக்கிறார், நாம் செய்ய ஒன்றுமில்லை, வாழ்ந்த வாழ்க்கைக்கு நன்றி சொல்வோம் என்பார்கள். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்திலிருந்து வந்த பேச்சு. தூங்குகிறவர் எழும்புவார், அதுதான் உயிர்த்தெழுதல். அந்த வீட்டுக்கு 'ஆன்மா இளைப்பாற ஜெபிப்போம்' என்று அடித்தால் மனம் நோகும். வீட்டார் 'கர்த்தர்' என்று பேசினால் அந்தச் சபைகள் பக்கம், 'ஆண்டவர்' என்று பேசினால் எங்கள் பக்கம் என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம், ஆனாலும் எந்தக் கோவில் என்று கேட்பது நல்லது.

அச்சகத்துத் தங்கச்சி:

உபதேசியார் ஐயா, நானா, அக்கா, மூவருக்கும் நன்றி. வாசித்துக்கொண்டே வரும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. உயிரோடு இருக்கிறவர்கள் இறந்தவருக்கு என்ன செய்ய முடியும் என்று அந்த வீடு நம்புகிறதோ, அதைத்தான் கடைசி வரி சொல்கிறது. வெலிமடை அக்கா வீட்டில் புண்ணியம் கொடுக்கலாம். நானா வீட்டில் மன்னிப்புக் கேட்கலாம். ஒரு வேதக்கார வீட்டில் ஜெபிக்கலாம், இன்னொரு வீட்டில் நன்றி மட்டும் சொல்லலாம். இனி வருகிறவர்களிடம் மதம் என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், வீட்டில் அவருக்காக என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்பேன். நம்முடைய பக்கத்தை யாராவது சொல்லுங்களேன்.

பதில்: ஓய்வு பெற்ற ஆசிரியர், பண்டாரவளை

மகள், நீங்கள் பிடித்தது சரியான இடம். நம்முடைய வீட்டில்தான் குழப்பம் அதிகம்.

'சிவபதம் அடைந்தார்', 'இறைவனடி சேர்ந்தார்' இரண்டும் ஒரே செய்தி. பதம் என்றாலும் அடி என்றாலும் திருவடி. சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதியானது, அதை ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்கள் பிடித்திருக்கின்றன. அவை நீங்கித் திருவடியில் சேர்வதுதான் முத்தி. அதற்கு மேல் அடைய ஒன்றும் இல்லை. இப்படி இருக்கும்போது 'சிவபதம் அடைந்த அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்' என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். சிவனடி சேர்ந்தவருக்கு இன்னும் என்ன சாந்தி வேண்டியிருக்கிறது? ஒன்று அவர் சேர்ந்துவிட்டார் என்று நம்புங்கள், அல்லது இன்னும் வழியில் இருக்கிறார் என்று பிரார்த்தியுங்கள். இரண்டில் ஒன்றைப் போடுங்கள். பெருமாளைக் கும்பிடுகிற வீடானால் 'வைகுண்ட பதவி'. 'அமரர்' என்ற முன்சொல் நம்முடைய வீடுகளில் யாருக்கும் பொருந்தும், சாகாத தேவர் என்று பொருள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது இன்னொன்று. பத்திரிகைகளில் வருகிற யாழ்ப்பாணத்து அறிவித்தலை அப்படியே மாதிரியாக எடுத்து நம்முடைய தோட்டத்து மரணத்துக்கும் அடிக்கிறார்கள். 'தகனக்கிரியை', '31ஆம் நாள் அந்தியேட்டி' என்று. அந்தியேட்டி என்றால் இறுதி வேள்வி, நல்ல சொல், அவர்களுடைய வழக்கம். ஆனால் தோட்டத்தில் நாம் பெரும்பாலும் புதைக்கிறோம். தப்பு மேளம் அடித்து, நீர்மாலை எடுத்து, தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்து, பிறகு பால் ஊற்றி, 16ஆம் நாள் கருமாதி செய்கிறோம். கருமாதி என்று அச்சில் போட நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள், நாட்டுப்புறமாக இருக்கிறதாம். கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை. கடலைத் தாண்டி, காட்டு வழியாக நடந்து இந்த மலைக்கு வந்தவர்கள் கையில் கொண்டுவந்த சொற்கள் அவை. அந்தச் சனங்களில் எத்தனையோ பேர் அறிவித்தலும் இல்லாமல், கல்லும் இல்லாமல் தேயிலைக்கு அடியில் கிடக்கிறார்கள். இன்றைக்கு நம் ஆளுக்கு ஒரு நோட்டீஸ் அடிக்கிற வசதி வந்திருக்கும்போது, அவருக்கு நடக்கிற சடங்கை அதன் பெயரிலேயே போடுங்கள். 'பூதவுடல் தோட்டப் பொது மயானத்தில் நல்லடக்கம் செய்யப்படும். கருமாதிக் கிரியை 16ஆம் நாள்.' பூதவுடல் என்றால் ஐந்து பூதங்களால் ஆன உடல், மண்ணுக்குத் திரும்புவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

முனியாண்டியும் மாடசாமியும் குலதெய்வமாக உள்ள வீட்டில், இறந்தவர் வீட்டுச்சாமியோடு சேர்ந்து வீட்டைக் காப்பார் என்று நம்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சிவபதம் என்று திணிக்க வேண்டாம். 'எங்கள் குலம் காக்கும் தெய்வமானீர்' என்று நினைவஞ்சலியில் போட்டால் அந்த வீட்டுக் கிழவியின் கண் நிறையும்.

அச்சகத்துத் தங்கச்சி:

சேர், ரொம்ப நன்றி. கருமாதியைப் பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் முதலாளியிடமும் வாசித்துக் காட்டினேன். பழைய மாதிரிக் கோப்பைத் தூக்கிவிட்டு, தோட்டத்து மரணத்துக்கென்று புதிதாக ஒன்று செய்து வைத்திருக்கிறேன்.

டிக்கோயா வீட்டுக்கு 'அன்னாருக்கு நிப்பான சுகம் கிட்டுவதாக' என்ற வரி முடிவாகிவிட்டது. மகன் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் அம்மா, தான் தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுவது மாரியம்மனிடம்தான், தன் வாயால் தன் சொல்லும் அதில் வர வேண்டும் என்கிறார். இரண்டும் ஒரே அட்டையில் வரலாமா? அப்புறம், ஏழாம் நாளுக்குப் பாங்சுகூலம் என்று தமிழில் எழுத வேண்டுமா?

பதில்: வெலிமடை மருமகள்

பாங்சுகூலம் பிரேதம் எடுக்கும் அன்றே முடிந்துவிட்டது, அட்டையில் வேண்டாம். ஆறாம் நாள் இரவு 'பண', அதாவது பிக்குவின் போதனை, இருக்கும், அதை 'தர்ம உரை' என்று போடு. ஏழாம் நாள் காலை 'தானம்', மதியத்துக்கு முன்பே முடிந்துவிடும். பிக்குகள் பகல் 12 மணிக்குப் பிறகு சாப்பிட மாட்டார்கள், ஆகவே தமிழ்ச் சொந்தக்காரர்களுக்கு நேரத்தைப் பெரிதாகப் போடு, இல்லாவிட்டால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்.

அம்மாவின் வரியைத் தாராளமாகப் போடலாம், தங்கச்சி. குடும்பத்தின் வரி மேலே இருக்கட்டும். கீழே கொஞ்சம் இடம் விட்டு, 'மனைவியின் அஞ்சலி' என்று தலைப்பிட்டு, அவர் சொல்கிறதை அவர் சொல்கிற மாதிரியே போடு. ஆத்மா என்று வந்தாலும் மாற்றாதே, அது அவருடைய பிரார்த்தனை. எங்கள் வீட்டில் ஹாமதுருவிடமே கேட்டுவிட்டுத்தான் இப்படிச் செய்தோம், அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடிக்கும் முன்பு இரண்டு பக்கத்தையும் மகனிடமும் அம்மாவிடமும் சத்தமாக வாசித்துக் காட்டிவிடு.